பழைய காசு தேடும்போது மெட்டல் டிடெக்டர் சிக்னலைப் படிக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

ஒரே வயல்ல, ஒரே மதியம், பத்தடி இடைவெளியில எனக்கு ரெண்டு சிக்னல் கிடைச்சுது. முதலாவது ஸ்க்ரீன்ல 84 காட்டுச்சு, வழக்கமா வெள்ளிக்கு வர்ற நம்பர், மனசு படபடன்னு அடிச்சுக்க தோண்டினேன், துரு ஏறின இரும்பு வாஷர். ரெண்டாவது 46, 51, 44ன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு, நம்பரைப் பார்த்தா குப்பை மாதிரிதான், ஆனா சத்தம் மட்டும் சின்னதா, பிசிறு இல்லாம, எந்தப் பக்கம் நின்னு ஆட்டினாலும் அதே இடத்துலயே வந்துச்சு. தோண்டினா கட்டைவிரல் நகத்தை விட கொஞ்சம் பெரிய, தாள் மாதிரி மெல்லிசான வெள்ளிக் காசு. அதுல இருந்து நம்பரை மட்டும் பார்த்து தோண்டுறதை விட்டுட்டேன். ஸ்க்ரீன் சொல்றது ஒரு யூகம், சத்தம்தான் சாட்சி, அந்த சாட்சியை நாலு பக்கமும் நின்னு விசாரிக்கக் கத்துக்கணும், இந்த வழிகாட்டி பூரா அதைப் பத்தித்தான்.

நான் இங்க சொல்ற நம்பரெல்லாம் 0ல இருந்து 99 வரைக்கும் காட்டுற மெஷினை வச்சு சொல்றது. உங்க மெஷின் 40 வரைக்கும்தான் போகலாம், இரும்பை மைனஸ்ல காட்டலாம், அதனால நம்பரை மனப்பாடம் பண்ணாம முறையை மட்டும் எடுத்துக்கோங்க.

மெஷின் உண்மையில என்ன கேக்குது

காசு தேடுறவங்க கையில இருக்கிறதுல பெரும்பாலானது விஎல்எஃப், அதாவது ரொம்ப தாழ்ந்த ஃப்ரீக்வென்சி வகை. மெஷினோட அடியில இருக்கிற தட்டையான வட்டுதான் காயில், அதுக்குள்ள ரெண்டு கம்பிச்சுருள் இருக்கு, ஒண்ணு செகண்டுக்கு பல ஆயிரம் தடவை திசை மாறுற காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்புது, அது உலோகத்துல பட்டதும் அந்த உலோகத்துக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு குட்டி காந்தப்புலத்தை திருப்பி அனுப்ப, ரெண்டாவது சுருள் அதைப் பிடிக்குது. அனுப்பினதுக்கும் திரும்பி வந்ததுக்கும் நடுவுல எவ்வளவு தாமதம்ங்கிறதை வச்சுத்தான் மெஷின் நம்பர் போடுது. மின்சாரம் நல்லா ஓடுற கனமான பொருள்னா தாமதம் கூட, நம்பர் மேல போகும். சுமாரா ஓடுற, மெல்லிசான பொருள்னா நம்பர் கீழ இறங்கும்.

இதுல எல்லாரும் கோட்டை விடுற இடம் என்னன்னா, உலோகம் மட்டும் அந்த நம்பரைத் தீர்மானிக்கிறது இல்ல, கனம், அகலம், வடிவம் எல்லாம் சேர்ந்துதான். மின்சாரம் கடத்துறதுல செம்பை 100ன்னு வச்சுக்கிட்டா சுத்த வெள்ளி 105 பக்கம் வரும், தங்கம் 70 பக்கம், அலுமினியம் 60 சொச்சம், பித்தளை 30க்குள்ள, ஈயம் 8 பக்கம், செம்பு 75 பங்கு நிக்கல் 25 பங்கு கலந்து அடிக்கிற காசு உலோகம் வெறும் 5 பக்கம்தான். அதனாலதான் கனமான வெள்ளிக் காசும் பெரிய செம்புக் காசும் உச்சில விழுது, நிக்கல் கலந்த காசு ஓரளவு பெருசா இருந்தாலும் பெரும்பாலும் கேன் திறக்கிற அலுமினிய வளையம் இருக்கிற எடத்துக்கே இறங்கிடுது. சின்ன தங்கக் காசும் அங்கதான் வரும். கையால அடிச்ச மெல்லிசு வெள்ளிக் காசு நடுவுல எங்கயாவது நிக்கும். "60க்கு கீழ எல்லாம் குப்பை"ன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க.

இரும்பு கதையே வேற. அது காந்தமாகிற உலோகம், அதனால ஒரு ஆணி சாதாரணமா அடிமட்ட நம்பர்ல, கரகரன்னு தாழ்ந்த சத்தத்துல வரும். ஆனா அதே இரும்பு வாஷர் மாதிரி வளையமாவோ, சோடா மூடி மாதிரி தட்டையாவோ இருந்தா சுழல் மின்னோட்டம் சுத்தி ஓட நல்ல பாதை கிடைச்சுடுது, மெஷின் ஏமாந்து உச்சி நம்பர் போட்டுடும். என் 84 அப்படி வந்ததுதான்.

ஃப்ரீக்வென்சி, அதாவது அந்த காந்தப்புலம் செகண்டுக்கு எத்தனை தடவை மாறுதுங்கிறது, அதைப் பத்தி சுருக்கமா. 4, 5 கிலோஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்தது கனமான வெள்ளி, செம்புக்கு நல்லது, 15, 20ன்னு மேல போகப் போக சின்னது, மெல்லிசு, நிக்கல், ஈயம் இதெல்லாம் நல்லா கேக்கும். பல ஃப்ரீக்வென்சியை ஒண்ணா அனுப்புற மல்ட்டி ஃப்ரீக்வென்சி மெஷின்னா கவலையே இல்ல.

படி 1: மேசை மேல முதல் பாடம்

வெளிய போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஆணி அடிக்காத பிளாஸ்டிக் மேசை மேல மெஷினைப் படுக்க வச்சு, காயில் முனை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி வையுங்க, போனை ஏரோபிளேன் மோடுல போட்டு தள்ளி வச்சுடுங்க. கையில மோதிரம், வாட்ச் எதுவும் இருக்கக் கூடாது. இப்போ ஒவ்வொரு பொருளா காயில்ல இருந்து 10 செ.மீ தள்ளி இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுங்க: உங்க கிட்ட இருக்கிற காசுல ஒவ்வொரு உலோகத்துலயும் ஒண்ணு, ஆணி, வாஷர், சோடா மூடி, கேன் வளையம், கசக்கின அலுமினிய ஃபாயில், ஈயத்துண்டு, பித்தளை பட்டன்.

ஒவ்வொண்ணுக்கும் நம்பரும் சத்தமும் நோட்டுல எழுதுங்க. சத்தத்தை எழுதுறதான்னு கேப்பீங்க, எழுதித்தான் ஆகணும், "டிங், உருண்டையா, சட்டுன்னு முடியுது", "கர்ர், ஓரத்துல உடையுது"ன்னு உங்க காதுக்கு எப்படி பட்டுச்சோ அப்படியே. அப்புறம் அதே காசைத் தட்டையா ஒரு தடவை, செங்குத்தா நிக்க வச்சு ஒரு தடவை காட்டுங்க. நிக்கிற காசுக்கு சத்தம் எப்படி சோர்ந்து போகுதுன்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும். கடைசியா காசையும் ஆணியையும் ஒரு அட்டைல பக்கத்துல பக்கத்துல ஒட்டி ஆட்டுங்க, ஆணியை நெருக்கி வைக்க வைக்க அந்த அழகான டிங் எப்படி பாதி பாதியா அரிச்சுக்கிட்டு போகுதுன்னு கவனிங்க. மண்ணுக்குள்ள உங்களுக்கு கிடைக்கப் போற சிக்னல்ல முக்கால்வாசி இந்த கடைசி வகைதான்.

படி 2: சின்னதா ஒரு சோதனைப் பாத்தி

இடம் இருந்தா, முதல்ல அந்த மண்ணை ஸ்கேன் பண்ணி சுத்தம் பண்ணிட்டு, ஒரே மாதிரி காசுகளை 5, 10, 15, 20 செ.மீ ஆழத்துல ஒரு முழம் இடைவெளி விட்டு புதைச்சு வையுங்க. ஒரு காசை நிக்க வச்சு, ஒண்ணு பக்கத்துல ஆணி வச்சு, ஒரு குழில வெறும் ஆணி மட்டும். மரக்குச்சி நட்டு அடையாளம் வச்சு, எங்க என்ன இருக்குன்னு தாள்ல வரைஞ்சு வச்சுக்கோங்க. புதுசா கிளறின மண்ணுங்கிறதால உங்க மெஷினோட அதிகபட்ச ஆழத்தை இதை வச்சு முடிவு பண்ண வேணாம், காதுக்குப் பயிற்சின்னு மட்டும் வச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவை வெளிய போறதுக்கு முன்னாடியும் அஞ்சு நிமிஷம் இதுல ஆட்டிட்டு போனா காது தயாராயிடும்.

படி 3: செட்டிங்ஸ்

கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. மண்ணுலயே இரும்புத் தாது இருக்கு, அதுவும் சிக்னல் குடுக்கும், அதை மெஷின் கண்டுக்காம இருக்கச் சொல்றதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத ஒரு இடம் பார்த்து, காயிலை தரையில இருந்து 3 செ.மீ உயரத்துக்கும் 25 செ.மீ உயரத்துக்கும் நடுவுல மேலயும் கீழயுமா ஆட்டிக்கிட்டே சரி பண்ணுங்க, சத்தம் ஏறாம இறங்காம ஒரே சீரா வந்தா முடிஞ்சுது. மண்ணோட நிறம் மாறினாலோ, காஞ்ச இடத்துல இருந்து ஈரமான இடத்துக்குப் போனாலோ திரும்ப பண்ணுங்க.

சென்சிட்டிவிட்டியை, அதாவது சின்ன சிக்னலையும் பிடிக்கிற கூர்மையை, முழுசா ஏத்தி வச்சா ஆழமா எடுக்கும்னு நினைக்கிறது ரொம்ப பேர் பண்ற தப்பு. மெஷின் சும்மா சும்மா கத்திக்கிட்டே இருந்தா அதுக்குள்ள வர்ற நல்ல சிக்னல் உங்க காதுல ஏறாது. ஒரு சின்ன சோதனை இருக்கு: காயிலை அசையாம காத்துல பிடிங்க, அப்பவும் கத்துனா அது கரன்ட் கம்பி, டவர் இந்த மாதிரி வெளி மின்சாரத் தொல்லை, ஃப்ரீக்வென்சியை கொஞ்சம் மாத்துங்க, இல்லன்னா நாய்ஸ் கேன்சல் போடுங்க. அசையாம இருக்கும்போது அமைதியா இருந்து, தரை மேல ஆட்டும்போது மட்டும் கத்துனா அது மண்ணு, கிரவுண்ட் பேலன்ஸ் திரும்ப பண்ணி, அப்பவும் அடங்கலன்னா சென்சிட்டிவிட்டியைக் குறைங்க.

வேண்டாத உலோகத்தோட சத்தத்தை வெட்டி விடுற டிஸ்க்ரிமினேஷனை முடிஞ்ச அளவு கம்மியா வையுங்க. இரும்பை மொத்தமா ஊமையாக்கினா காதுக்கு சுகமாதான் இருக்கும், ஆனா ஆணி பக்கத்துல இருக்கிற காசும் அதோட சேர்ந்து ஊமையாயிடும். நான் இரும்பை வெட்டி விடாம தாழ்ந்த டோன்ல, வால்யூம் கம்மி பண்ணி கேட்டுக்கிட்டே போவேன், இரும்பு எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு நடுவுல இருந்து வர்ற மெல்லிசான டிங் என்னன்னு புரியும். ஹெட்போன் இல்லாம போகாதீங்க.

படி 4: ஆட்டுறது

காயில் தரைக்கு 2, 3 செ.மீ மேல, தட்டையா, ரெண்டு ஓரத்துலயும் தூக்காம. ஊஞ்சல் மாதிரி ஓரத்துல மேல எழும்பினா அங்க இருக்கிற ஆழத்தை விட்டுட்டீங்கன்னு அர்த்தம். ஒவ்வொரு ஆட்டும் முந்தினதுல பாதியை மூடணும், ஏன்னா ஆழம் போகப் போக காயில் பார்க்கிற பரப்பு குறுகிடும். அவசரப்படாதீங்க, அவ்வளவுதான்.

படி 5: விசாரணை

ஒரு சத்தம் வந்துடுச்சு. ஸ்க்ரீனைப் பார்க்காதீங்க, முதல்ல கேளுங்க.

நின்ன இடத்துல இருந்தே காயிலை ஒரு சாண் அகலத்துக்கு சுருக்கி அந்த இடத்து மேலயே அஞ்சாறு தடவை ஆட்டுங்க. இடமிருந்து வலம் போகும்போதும் வலமிருந்து இடம் வரும்போதும் வருதா? ஒரு பக்கம் மட்டும் வந்து மறுபக்கம் கரகரன்னா இரும்புதான்னு சந்தேகப்படுங்க. ரெண்டு பக்கமும் வந்தா, காலை நகத்தி கால்வட்டம் சுத்தி வந்து, முதல்ல ஆட்டின திசைக்கு குறுக்கா ஆட்டுங்க. இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சம் பிடிச்ச குழிக்கு கணக்கே இல்ல. காசு வட்டமானது, எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அதுக்கு ஒரே முகம்தான். ஆணி நீளமானது, குறுக்கால ஆட்டினா ஒரு குரல், நீளவாக்குல ஆட்டினா வேற குரல், பல நேரம் ரெண்டா உடைஞ்சு வரும்.

பானையைத் தட்டிப் பார்த்து விரிசல் இருக்கான்னு கண்டுபிடிக்கிற காது இருக்கே, அதேதான் இங்கயும் வேணும். காசோட சத்தம் சட்டுன்னு தொடங்கி சட்டுன்னு முடியும், நடுவுல முழுசா இருக்கும். இரும்போட பொய்க்குரல்ல உச்சி டோன் வந்தாலும் ஆரம்பத்துலயோ முடிவுலயோ ஒரு சின்ன கர்ர் ஒட்டிக்கிட்டே வரும், டிங்-கர்ர், கர்ர்-டிங், சில தடவை டிங் வரவே வராது, அடுத்த ஆட்டுல 90ன்னு எகிறும். சுருதி ஒவ்வொரு தடவையும் மாறுதுன்னா சந்தேகம் வரணும்.

அடுத்து அகலம். காயில் எவ்வளவு தூரம் நகரும்போது சத்தம் கேக்குதுன்னு பாருங்க. காசுன்னா சின்னதா ஒரு இடம். ஒரு முழம் நீளத்துக்கு இழுத்துக்கிட்டு போச்சுன்னா அது நசுங்கின கேன், தகரம், குழாய் மாதிரி பெருசு ஏதோ. சந்தேகம்னா காயிலைத் தூக்குங்க, ஒரு சாண் உயரம் தூக்கினதும் காசு மறைஞ்சுடும், கேன் முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாலும் கத்திக்கிட்டே இருக்கும். டிங்-டிங்ன்னு ரெட்டையா வந்தாலும் தூக்கிப் பாருங்க, பொருள் ரொம்ப மேலோட்டமா இருந்ததால ரெட்டையா வந்திருந்தா தூக்கினதும் ஒண்ணாயிடும். ஆகலன்னா ஆணியா இருக்கலாம், நிக்கிற காசாவும் இருக்கலாம், திரும்பவும் சுத்தி வந்து கேளுங்க.

இப்போ பொருள் சரியா எந்த இடத்துல இருக்குன்னு காட்டுற பின்பாயிண்ட் பட்டனை அழுத்துங்க. சாதாரணமா ஆட்டும்போது சிக்னல் வந்த இடமும், பின்பாயிண்ட்ல உச்ச சத்தம் வர்ற இடமும் ஒண்ணா இருக்கணும். ஒரு உள்ளங்கை தூரம் தள்ளிப் போச்சுன்னா, ஆணி முனையில இருந்து வந்த பொய் சிக்னலா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்க்ரீன்ல காட்டுற ஆழம் காசு அளவுப் பொருளுக்குக் கணக்குப் போட்டது, பெரிய பொருளை மேல இருக்கிற மாதிரியும் பொடிப்பொருளை ஆழத்துல இருக்கிற மாதிரியும் காட்டும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

சோடா மூடிக்குன்னு ஒரு தனி வித்தை. காயில் நடுவுல நல்ல நம்பர் வருதா, மெதுவா ஆட்டிக்கிட்டே பின்னாடி இழுங்க, சிக்னல் காயிலோட முன் ஓரத்துக்கு வர்ற வரைக்கும். காசுன்னா சத்தம் மங்கும், ஆனா குணம் மாறாது. இரும்பு மூடின்னா ஓரத்துக்கு வரும்போது நம்பர் கீழ விழுந்து கரகரன்னு ஆயிடும். கேன் வளையத்துக்கு இந்த மாதிரி வித்தை ஒண்ணும் கிடையாது, அது நேர்மையான, சுத்தமான சிக்னல் குடுக்கிற அலுமினியம், தோண்டித்தான் பார்க்கணும்.

இவ்வளவும் முடிஞ்சப்புறம் ஸ்க்ரீனைப் பாருங்க. எத்தனை படிக்கு நடுவுல நம்பர் ஆடுதுங்கிறதுதான் முக்கியம், ரெண்டு மூணு படிக்குள்ள நின்னா அது ஒரே பொருள்னு நம்பலாம், 30க்கும் 90க்கும் தாவுச்சுன்னா இரும்பாவோ, பக்கத்துல பக்கத்துல கிடக்கிற ரெண்டு பொருளாவோ இருக்கலாம்.

படி 6: ஆழத்துல இருந்து வர்ற கிசுகிசு

பழைய காசு பெரும்பாலும் நீங்க விரும்புற மாதிரி சத்தமா கூப்பிடாது. காயில் அளவை விட ரொம்ப தள்ளிப் போனா சின்னப் பொருள்ல இருந்து திரும்பி வர்ற சிக்னல் கிட்டத்தட்ட தூரத்தோட ஆறாவது அடுக்குல குறையுது, அதாவது தூரம் ரெண்டு மடங்கானா சிக்னல் 64ல ஒரு பங்கு வரைக்கும் இறங்கலாம், கிட்டத்துல அவ்வளவு வேகமா குறையாட்டியும் நிறையவே குறையும். 10 செ.மீல கணீர்னு கேட்ட காசு 20 செ.மீல கொசு பறக்கிற மாதிரி கேக்குறது இதனாலதான். அந்த ஆழத்துல மண்ணோட குரலும் சேர்ந்துக்கும், நம்பர் நாலா பக்கமும் ஆடும், இரும்புத் தாது அதிகமான மண்ணுல வெள்ளிக் காசையே இரும்புன்னு காட்டிடும். அதனால மங்கலான சிக்னலுக்கு நம்பரை அடியோட மறந்துட்டு மூணே கேள்வி கேக்குறேன்: சின்னதா இருக்கா, ஒரே இடத்துல இருக்கா, சுத்தி வந்து கேட்டாலும் வருதா. மூணுக்கும் ஆமான்னா தோண்டிடுவேன். இன்னொண்ணு, மேல இருக்கிற ரெண்டு விரக்கடை மண்ணை எடுத்துட்டு திரும்ப ஆட்டிப் பாருங்க, காசுன்னா குரல் தெளிஞ்சு வரும்.

படி 7: இரும்புக் காட்டுக்குள்ள

பழைய வீடு இருந்த இடம்னா காசும் இருக்கும், காசை விட நூறு மடங்கு ஆணியும் இருக்கும். இங்கதான் நிறைய பேர் மனசு விட்டுடறாங்க, அதனாலயே இங்கதான் காசு மிச்சம் இருக்கு.

இரும்பு எப்படி மறைக்கும்ங்கிறதுக்கு 1881ல நடந்ததை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு ஜூலை 2ஆம் தேதி சுடப்பட்டு, உடம்புக்குள்ள குண்டு எங்க இருக்குன்னு தெரியாம படுத்திருந்தப்போ, டெலிபோனுக்குப் பேர்போன அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இன்டக்ஷன் பேலன்ஸ் கருவி ஒண்ணைக் கொண்டு வந்து தேடினார், இன்னைக்கு நாம வச்சிருக்கிற மெஷினோட முன்னோடி மாதிரிதான் அது. கருவி வேலை செஞ்சுது, ஆனா தெளிவான ஒரு இடம் கிடைக்கல. படுக்கைக்கு அடியில இரும்புக் கம்பி இருந்ததும், டாக்டர் வலது பக்கம் மட்டுமே தேட விட்டதும் பின்னாடி தெரிய வந்துச்சு, செப்டம்பர்ல அவர் இறந்தப்புறம் பார்த்தா குண்டு இடது பக்கம். ஆணி மேல ஆட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் படுக்கைக் கம்பி ஞாபகம் வரும்.

இந்த மாதிரி இடத்துல பெரிய காயிலைக் கழட்டிட்டு 6 இன்ச் அளவுக்கு சின்ன காயில் போடுங்க, ஆழம் கொஞ்சம் குறையும், ஆனா ஆணியையும் காசையும் தனித்தனியா பிரிச்சுக் கேக்கும். மெஷின்ல ரிக்கவரி ஸ்பீடு, அதாவது ஒரு சிக்னல் முடிஞ்சு அடுத்ததுக்குத் தயாராகிற வேகம், இருந்தா ஏத்துங்க. ஆட்டுறது பாதி வேகத்துக்கு வரட்டும். கர்ர்-கர்ர்-கர்ர்ன்னு போயிட்டு இருக்கிறப்போ நடுவுல ஒரு தடவை, ஒரே ஒரு திசையில மட்டும், குட்டியா ஒரு டிங் விழும், அங்க நில்லுங்க. முன்னாடி படில ஒரு பக்கம் மட்டும் வந்தா இரும்புன்னு சந்தேகப்படச் சொன்னேன், ஆணிக் குவியல்ல அந்த விதி அப்படியே செல்லாது, இங்க நல்ல காசும் ஒரு திசையில மட்டும்தான் எட்டிப் பார்க்கும். வித்தியாசம் எதுலன்னா, காசோட டிங் அந்த ஒரு திசையில ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல அதே சுருதியில வரும். இரும்போட டிங் இடம் மாறும். இதைப் பிரிச்சு கேக்க எனக்கு ஏகப்பட்ட நாள் ஆச்சு, உங்களுக்கும் ஆகும், அது பரவாயில்ல.

படி 8: தோண்டுறதுக்கு முன்னாடி சொல்லுங்க

முதல் நூறு சிக்னலை விடாம தோண்டுங்க, குப்பைன்னு தெரிஞ்சாலும். ஆனா மண்ணுல கை வைக்கிறதுக்கு முன்னாடி வாய் விட்டுச் சொல்லுங்க: "செம்புக் காசு, 12 செ.மீ", "சோடா மூடி, மேல". அப்புறம் வந்தது என்னன்னு நோட்டுல பக்கத்துல எழுதுங்க. என் பழைய நோட்டுல இருந்து ஒரு வரி: "71, 73, 72. உருண்டை சத்தம், நாலு பக்கமும். சொன்னது: செம்புக் காசு. வந்தது: பித்தளை பட்டன்." அதுக்குக் கீழ பட்டனோட சத்தம் காசை விட கொஞ்சம் மழுங்கலா முடிஞ்சுதுன்னு எழுதி வச்சிருக்கேன், அந்த மழுங்கல் இன்னைக்கும் எனக்கு உதவுது.

எங்க தோண்டினாலும் நிலத்துக்காரர் அனுமதி இருக்கணும், பாதுகாக்கப்பட்ட பழைய இடங்கள்ல மெஷினை எடுக்கவே கூடாது, கிடைச்சதை யார் கிட்ட தெரிவிக்கணும்னு உங்க நாட்டுச் சட்டத்தை முன்னாடியே படிச்சுடுங்க. குண்டு, ஷெல் மாதிரி எதுவும் தெரிஞ்சா தொடாம விலகிப் போய் போலீசுக்கு சொல்லுங்க.

காசு வந்ததும் விரலால தேய்ச்சு என்ன காசுன்னு பார்க்க கை துறுதுறுக்கும், வேணாம், ஒட்டியிருக்கிற மணல் ஒவ்வொண்ணும் முகத்துல கீறல் போடும். அப்படியே மண்ணோட ஒரு டப்பால வையுங்க.

ஒரே குழில இருந்து காசு மேல காசு வந்துக்கிட்டே இருந்தா கையை எடுத்துடுங்க. 1992ல இங்கிலாந்துல சஃபோக்ல ஹாக்ஸன் கிராமத்துல எரிக் லாஸ்ங்கிறவர் தன் நண்பர் தொலைச்ச சுத்தியலைத் தேடப் போய் ரோமானியக் காசுகள் மேல வந்து நின்னார், மொத்தத்தையும் வாரி எடுக்காம தகவல் சொன்னார், தொல்லியல் ஆட்கள் வந்து நிதானமா தோண்டினாங்க. கிட்டத்தட்ட 15,000 காசு, அது இருந்த மரப்பெட்டியோட மிச்சம், எது மேல எது அடுக்கியிருந்துச்சு, எல்லாம் பதிவாச்சு. சுத்தியலும் கிடைச்சுது.

குழியை மூடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி. குழி மேலயும், எடுத்துப் போட்ட மண்ணு மேலயும் திரும்ப காயிலை ஆட்டுங்க, ஆணியை எடுத்தப்புறம் அதுக்கு அடியில அதுவரைக்கும் ஊமையா கிடந்தது இப்போ வாய் திறக்கலாம். நான் மேல சொன்ன அந்த மெல்லிசு வெள்ளிக் காசை எடுத்த குழில இன்னொரு தடவை ஆட்டினப்போ, மூணு விரக்கடை தள்ளி இன்னொரு டிங் வந்துச்சு. 58, 57, 58.